இரு மரபு, இரு மதிப்பாய்வாளர்: தத்துவம், சமயம், பண்பாட்டிடை ஆய்வுகளில் கட்டுரை வெளியிடும் முறை

தத்துவம், சமய ஆய்வு, பண்பாட்டிடை ஆய்வு ஆகிய மூன்றையும் நூலகங்கள் அடுத்தடுத்த அலமாரிகளில் வைக்கின்றன. வெளியீடு என்று வரும்போது மூன்றுக்கும் வாசகர்கள் வேறு, எதிர்பார்ப்பு வேறு, கட்டுரையைத் திருப்பி அனுப்பச் சொல்லும் காரணமும் வேறு. இவற்றுள் இரண்டைத் தொட்டு எழுதுபவர் முதலிலேயே ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். அவருடைய கட்டுரை பெரும்பாலும் இரண்டு மதிப்பாய்வாளர்களிடம் செல்லும். ஒருவர் மூலநூலையும் அதன் மொழியையும் உரைமரபையும் நன்கு அறிந்தவர். மற்றவர் அக்கட்டுரை எழுப்பும் கேள்வியைப் பற்றி இன்று நடக்கும் விவாதத்தை அறிந்தவர். முன்னவருக்கு மேலோட்டமாகவும் பின்னவருக்குப் பழைய செய்தியாகவும் படுகிற கட்டுரைகளே இத்துறையில் அதிகம் திரும்பி வருகின்றன. இதழைத் தேர்வது முதல் மெய்ப்புத் திருத்துவது வரை ஒவ்வொரு படியிலும் இவ்விருவரையும் எப்படி எதிர்கொள்வது என்பதையே கீழே விளக்குகிறேன்.

எந்த விவாதத்தில் சேர்கிறோம்?

கட்டுரையை எழுதி முடித்துவிட்டு அதற்கு ஓர் இதழைத் தேடுவதே பலருடைய வழக்கம். இதழைத் தீர்மானித்த பிறகு எழுதுவதே நல்லது, ஏனெனில் ஒரே கேள்வி இதழுக்கு இதழ் வேறு வேறு கேள்வியாகிவிடுகிறது. துன்பம் நிறைந்த உலகில் நல்லவனான இறைவன் இருக்க முடியுமா என்பதை எடுத்துக்கொள்வோம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் ‘ரிலிஜியஸ் ஸ்டடீஸ்’ இதழோ ‘இன்டர்நேஷனல் ஜர்னல் ஃபார் ஃபிலாசஃபி ஆஃப் ரிலிஜன்’ இதழோ இக்கேள்விக்கு ஒரு வாதத்தை எதிர்பார்க்கும்: முற்கோள்கள் எவை, அவற்றிலிருந்து முடிவு வருகிறதா, எதிர்ப்பவர் என்ன சொல்வார் என்பவையே அங்கே முக்கியம். 1954இல் தொடங்கிய ‘நியூமென்’, அமெரிக்கச் சமய ஆய்வுக் கழகத்தின் இதழான ‘ஜர்னல் ஆஃப் தி அமெரிக்கன் அகாடமி ஆஃப் ரிலிஜன்’ போன்றவை இறைவன் இருக்கிறானா என்ற தீர்ப்பைக் கேட்பதில்லை. ஒரு சமூகம் துன்பத்தை எப்படிப் புரிந்துகொண்டது, எந்தச் சடங்கிலும் எந்தப் பாடத்திலும் அப்புரிதல் உருக்கொண்டது என்பதை வரலாற்று நோக்கில் காட்டச் சொல்லும். இறையியல் இதழ்களிலோ நம்பிக்கையின் உள்ளே நின்று அதன் சொந்த அளவுகோல்களால் பேசுவதற்கும் இடம் உண்டு. முதல்வகை இதழுக்கு மூன்றாம்வகைக் கட்டுரையை அனுப்பினால், அது எவ்வளவு ஆழமானதாக இருந்தாலும் மதிப்பாய்வுக்குச் செல்லாமலேயே பதிப்பாசிரியரின் மேசையிலிருந்து திரும்பிவிடும்.

ஒப்பியலுக்கும் பண்பாட்டிடைத் தத்துவத்துக்கும் உள்ள இதழ்களும் தம்முள் வேறுபடுகின்றன. ஹவாய் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிடும் ‘ஃபிலாசஃபி ஈஸ்ட் அண்ட் வெஸ்ட்’ 1951இல் சார்ல்ஸ் மூர் தொடங்கியது. ஆசிய மரபுகளை மேலைத் தத்துவத்தோடு உரையாடவைக்கும் கட்டுரைகளுக்கு அது நெடுங்காலமாக முதன்மைக் களமாக இருந்துவருகிறது. பிமல் கிருஷ்ண மதிலால் 1970இல் தொடங்கிய ‘ஜர்னல் ஆஃப் இந்தியன் ஃபிலாசஃபி’ மூலமொழிப் பயிற்சியையும் பாடநுணுக்கத்தையும் முன்னிறுத்துவது. மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி எழுதியது அங்கே நிற்பது கடினம். ‘தாவோ’ சீனத் தத்துவத்தை மையமாகக் கொண்டது. 1991 முதல் வெளிவரும் ‘ஏசியன் ஃபிலாசஃபி’ சற்றுப் பரந்த வாசகர்களைக் கருதுவது. வியன்னாவிலிருந்து வரும் ‘போலிலோக்’ பெரிதும் ஜெர்மன் மொழியில் பண்பாட்டிடைத் தத்துவத்தை வளர்த்த இதழ். ‘ஜர்னல் ஆஃப் வேர்ல்ட் ஃபிலாசஃபீஸ்’, ‘கம்பேரட்டிவ் ஃபிலாசஃபி’ ஆகிய இரண்டும் எவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இணைய இதழ்கள்.

இதழின் நோக்கவுரையைப் படிப்பது போதாது. நோக்கவுரைகள் எல்லாம் ஒரே குரலில் பேசும். கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் பொருளடக்கத்தைப் பார்த்து, உங்கள் பொருளுக்கு நெருங்கிய இரண்டு கட்டுரைகளை முழுமையாகப் படியுங்கள்: வாதம் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது, மூலப்பாடம் எவ்வளவு மேற்கோளாகிறது, அடிக்குறிப்பில் யார் யார் வருகிறார்கள் என்று கவனியுங்கள். பிறகு, ‘என் கட்டுரை இந்த இதழில் வந்த எந்தக் கட்டுரைக்கு மறுமொழி?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் இதழ் தவறு, அல்லது கட்டுரைக்கு இன்னும் எதிராளி அமையவில்லை. டேவிட் போர்ஜேயும் டேவிட் சால்மர்ஸும் நடத்தும் ‘ஃபில்பேப்பர்ஸ்’ தளத்தில் தத்துவக் கட்டுரைகள் பொருள்வாரியாக வகைப்படுத்தப்பட்டிருப்பதால், அந்த எதிராளியைத் தேடத் தொடங்க அதுவே வசதியான இடம்.

ஒப்பீடு தானாக வாதமாகிவிடாது

பதிப்பாசிரியர்களுக்கு அலுத்துப்போன தலைப்பு வடிவம் ஒன்று உண்டு: ‘அவரும் இவரும்: ஓர் ஒப்பாய்வு’. அதன் சுருக்கம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனரும் இருபதாம் நூற்றாண்டுத் தத்துவவாதி விட்கன்ஸ்டைனும் வெவ்வேறு காலத்தையும் பண்பாட்டையும் சேர்ந்தவர்கள். எனினும் மொழியின் எல்லை குறித்து இருவரிடமும் வியக்கத்தக்க ஒற்றுமைகள் காணப்படுகின்றன. இக்கட்டுரை அவ்வொற்றுமை வேற்றுமைகளை ஆராய்ந்து, கீழை மேலைச் சிந்தனைகளுக்கிடையே உரையாடலின் தேவையை வலியுறுத்துகிறது.’ இதில் பொய் எதுவும் இல்லை. மறுக்கத்தக்கதும் எதுவும் இல்லை என்பதுதான் குறை. யாரும் மறுக்க முடியாததை எட்டாயிரம் சொற்களில் நிறுவ வேண்டியதில்லை.

இதே இணையிலிருந்து ஒரு வாதத்தை எடுக்க முடியும். அதற்கு இருவரும் எதிர்கொள்ளும் ஒரே சிக்கலைக் கண்டுபிடிக்க வேண்டும். நாகார்ஜுனரின் ‘விக்ரஹவியாவர்த்தனி’ என்ற நூல் ஓர் எதிர்வாதத்தோடு தொடங்குகிறது: பொருள்கள் அனைத்தும் தன்னியல்பு (பிறவற்றைச் சாராத சொந்த இயல்பு) அற்றவை என்றால், அவ்வாறு சொல்லும் உன் கூற்றும் தன்னியல்பு அற்றது, தன்னியல்பு இல்லாத கூற்று எதையும் மறுக்க வல்லதன்று. இதற்கு நாகார்ஜுனர் 22ஆம் காரிகையிலும் (செய்யுளிலும்) அதன் உரையிலும் தரும் விடை மிகவும் கண்கூடானது. சார்ந்து தோன்றுவதால் வண்டியும் குடமும் துணியும் தன்னியல்பு அற்றவை. ஆயினும் வண்டி விறகையும் புல்லையும் மண்ணையும் சுமக்கிறது, குடம் தேனையும் நீரையும் பாலையும் கொள்கிறது, துணி குளிரிலிருந்தும் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் காக்கிறது. அதுபோலவே என் சொல்லும் தன் வேலையைச் செய்கிறது என்கிறார். 29ஆம் காரிகையில் விடை வேறு: எனக்கென்று ஒரு நிலைப்பாடு இருந்தால் அக்குற்றம் என்னைச் சேரும், எனக்கு நிலைப்பாடே இல்லை. விட்கன்ஸ்டைன் தம் ‘டிராக்டேட்டஸ்’ நூலின் 6.54ஆம் கூற்றில், தம்மைப் புரிந்துகொண்டவர் இக்கூற்றுகளைப் பொருளற்றவை என்று இனங்கண்டு, ஏறிவந்த ஏணியை எறிந்துவிட வேண்டும் என்கிறார்.

29ஆம் காரிகையையும் 6.54ஐயும் அருகருகே வைத்து ‘இரண்டும் ஒன்றே’ என்று சொல்வது எளிது. அது பலமுறை சொல்லப்பட்டும் ஆகிவிட்டது. 22ஆம் காரிகையை உள்ளே கொண்டுவந்தால் கதை மாறுகிறது. அப்போது சுருக்கத்தை இப்படித் தொடங்கலாம்: ‘தன்னையே மறுக்கும் கூற்று என்ற குற்றச்சாட்டுக்கு நாகார்ஜுனர் தரும் விடை, விட்கன்ஸ்டைனின் ஏணி உவமையோடு பொதுவாக இணைத்துப் பேசப்படுகிறது. அவ்விணைப்பு பிழையானது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. சூனியமான, அதாவது தன்னியல்பு அற்ற, கூற்று பொருளற்ற கூற்று அன்று; அது சார்ந்து தோன்றியதாயினும் செயல்படும். ஆகவே பொருளற்ற கூற்றுகள் எவ்வாறு நம்மை எங்கேனும் ஏற்றிவிட முடியும் என்ற, டிராக்டேட்டஸைத் தொடரும் சிக்கல், நாகார்ஜுனருக்கு எழுவதே இல்லை.’ இதை மறுக்க விரும்புபவர் உடனே எழுவார்: 29ஆம் காரிகையை நீர் குறைத்து மதிப்பிடுகிறீர் என்பார், அல்லது 6.54இல் உள்ள ‘பொருளற்ற’ என்பதை வேறுவிதமாகப் படிக்க வேண்டும் என்பார். அந்த எதிர்ப்பு எழும் இடத்தில்தான் கட்டுரையின் நடுப்பகுதி இருக்கிறது.

இந்தச் சோதனையை எந்த ஒப்பீட்டுக்கும் வைத்துப் பார்க்கலாம்: இருவரில் ஒருவரை எடுத்துவிட்டால் வாதம் என்ன இழக்கிறது? ஒன்றும் இழக்காது என்றால், ஒருவரைப் பற்றி மட்டும் எழுதுங்கள். ஒப்பியல் என்ற பெயரில் அனுப்பப்படும் கட்டுரைகளுள் ஒரு பகுதி, ஒற்றை மரபைப் பற்றிய நல்ல கட்டுரையாக இருந்திருக்க வேண்டியவை என்பது என் கருத்து. இன்னொரு தவற்றை மதிப்பாய்வாளர்கள் இப்போது கூர்ந்து கவனிக்கிறார்கள். ஒரு மரபிலிருந்து கோட்பாட்டையும் மற்றதிலிருந்து எடுத்துக்காட்டுகளையும் எடுத்து, ஒன்றை அளவுகோலாகவும் மற்றதை அளக்கப்படும் பொருளாகவும் மட்டுமே வைத்திருப்பது அது. அப்படி எழுதவே கூடாது என்பதில்லை. ஆனால் ஏன் அந்தத் திசையில் அளக்கிறோம் என்பதற்கு ஒரு பத்தியாவது காரணம் சொல்ல வேண்டும்.

மூலநூலைச் சுட்டும் முறை

மொழியறிந்த மதிப்பாய்வாளர் முதலில் பார்ப்பது நூற்பட்டியலையும் மேற்கோளையும்தான். அங்கே நம்பிக்கை போய்விட்டால் வாதத்தை அவர் தயக்கத்தோடுதான் படிப்பார். ஒவ்வொரு மரபுக்கும் பதிப்பைத் தாண்டி நிற்கும் சுட்டுமுறை உண்டு, அதையே பயன்படுத்த வேண்டும். பிளேட்டோவை மொழிபெயர்ப்பின் பக்க எண்ணால் சுட்டக் கூடாது. 1578இல் வெளியான ஸ்டெஃபானஸ் பதிப்பின் பக்கமும் பகுதி எழுத்தும் தர வேண்டும். அரிஸ்டாட்டிலுக்கு 1831இல் தொடங்கிய பெக்கர் பதிப்பின் எண். காண்டின் முதல் விமர்சன நூலுக்கு 1781ஆம் ஆண்டின் முதற்பதிப்பை ‘ஏ’ என்றும் 1787ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பை ‘பி’ என்றும் குறிக்கும் வழக்கம். ரிக் வேதத்துக்கு மண்டலம், சூக்தம், மந்திரம். குர்ஆனுக்கும் விவிலியத்துக்கும் அதிகாரமும் வசனமும். பாலி நூல்களுக்குப் பாலி நூற்கழகப் பதிப்பின் தொகுதியும் பக்கமும். சீனப் பௌத்த நூல்களுக்கு 1924 முதல் 1934 வரை வெளியான தைஷோ பதிப்பின் நூல் எண்ணும் பக்கமும். திருக்குறளுக்குக் குறள் எண் போதும். சிவஞானபோதத்துக்கு நூற்பா எண் தேவை, உரையைச் சுட்டினால் யார் உரை என்பதும் தேவை.

பதிப்பைக் குறிப்பிடாமல் மொழிபெயர்ப்பை மட்டும் மேற்கோள் காட்டுவது இன்னொரு பொதுவான குறை. வாதம் ஒரு வரியின் மேல் நிற்கிறது என்றால், அந்த வரியின் மூலம் அடிக்குறிப்பில் இருக்க வேண்டும்; எந்தப் பதிப்பு, மொழிபெயர்ப்பு யாருடையது, நீங்கள் அதை மாற்றியிருந்தால் எந்த இடத்தில் என்பதும் இருக்க வேண்டும். ஒலிபெயர்ப்பில் ஒரே முறையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்பற்றுங்கள். சமஸ்கிருதத்துக்கு, 1894ஆம் ஆண்டின் ஜெனீவா கீழைத்தேயவியல் மாநாட்டின் பரிந்துரைகளிலிருந்து வளர்ந்த அனைத்துலக ஒலிபெயர்ப்பு முறை பெரும்பாலான இதழ்களில் வழக்கில் உள்ளது, தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முறை, சீனத்துக்குப் பின்யின். இரண்டு முறைகள் ஒரே கட்டுரையில் கலந்து கிடந்தால், ஆசிரியர் மூலத்தைப் படிக்கவில்லை, வெவ்வேறு இரண்டாம்நிலை நூல்களிலிருந்து சொற்களைப் பொறுக்கியிருக்கிறார் என்று மதிப்பாய்வாளர் சரியாகவே ஊகித்துவிடுவார். ஒருங்குறி எழுத்துருவை மட்டும் பயன்படுத்துங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட குறிகள் இதழின் கணினியில் சிதைந்துபோகும்.

மேற்கோள் நடையைப் பொறுத்தவரை, மானுடப் புலங்களில் சிகாகோ கையேட்டின் இரு முறைகளும் (அடிக்குறிப்பு–நூற்பட்டியல் முறை, ஆசிரியர்–ஆண்டு முறை) பரவலாக உள்ளன. விவிலிய ஆய்வில் விவிலிய இலக்கியக் கழகத்தின் கையேடு வழக்கம். முதல் சமர்ப்பிப்பில் எந்த நடையானாலும் சீராக இருந்தால் போதும் என்று சொல்லும் இதழ்களும் இருப்பதால், வழிகாட்டுதலைப் பார்த்துவிட்டே அந்த வேலையில் நேரத்தைச் செலவிடுங்கள்.

கட்டுரையை அனுப்பும்போது

இத்துறை இதழ்கள் பலவற்றில் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் சொற்கள் வரை எழுத இடம் உண்டு. அடிக்குறிப்பும் இதில் சேருமா என்பது இதழுக்கு இதழ் மாறும். நீளத்தைவிட முக்கியமானது, உங்கள் முடிவு எந்தப் பக்கத்தில் வெளிப்படுகிறது என்பது. மரபின் வரலாறு, ஆசிரியரின் வாழ்க்கை, துறையின் நிலை என்று ஆறு பக்கங்கள் கழித்து வாதம் தொடங்கும் கட்டுரையை, பத்தில் ஒன்றைக்கூட ஏற்க இடமில்லாத இதழின் பதிப்பாசிரியர் அந்த ஏழாம் பக்கம் வரை படிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. முதல் பக்கத்திலேயே கேள்வியும், அதற்கு இதுவரை சொல்லப்பட்ட விடையும், அதில் நீங்கள் மாற்றுவதும் தெரிய வேண்டும். இரு வாசகர்களையும் கருதி, ஒரு மரபின் கலைச்சொல்லை முதலில் வரும்போது மூலவடிவிலேயே தந்து, இரண்டு வாக்கியங்களில் விளக்கிவிட்டுப் பிறகு அதையே தொடர்ந்து பயன்படுத்துங்கள். பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு மொழிபெயர்ப்பால் அதைக் குறித்தால் இருவருமே வழிதவறுவார்கள்.

பெரும்பாலான இதழ்களில் ஆசிரியர் யாரென்று மதிப்பாய்வாளருக்கும், மதிப்பாய்வாளர் யாரென்று ஆசிரியருக்கும் தெரியாது. ‘எர்கோ’ போன்ற சில தத்துவ இதழ்களில் முடிவெடுக்கும் பதிப்பாசிரியருக்கும் ஆசிரியர் பெயர் தெரியாது. ஆகவே நன்றியுரையை நீக்குங்கள். ‘என் முந்தைய கட்டுரையில் காட்டியபடி’ என்பதற்கு மாறாக உங்களையும் படர்க்கையில் சுட்டுங்கள். கோப்பின் பண்புகளில் பதிந்திருக்கும் பெயரை அழியுங்கள். கடைசியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது இத்துறையில் அறநெறி மீறல்; கண்டறியப்பட்டால் இரண்டிடத்திலும் நிராகரிக்கப்படுவது உறுதி. ஓர் இதழிலிருந்து முடிவு வந்த பிறகோ, எழுத்துபூர்வமாகத் திரும்பப் பெற்ற பிறகோதான் அடுத்ததற்கு அனுப்ப வேண்டும். நூல்களுக்கான முன்மொழிவில் மட்டும் வழக்கம் வேறு. பல பதிப்பகங்களை ஒரே நேரத்தில் அணுகலாம், ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தியிருந்தால் இதழின் விதிப்படி அறிவியுங்கள். அத்தகைய கருவியை ஆசிரியராகக் குறிப்பிடக் கூடாது என்பது வெளியீட்டு அறநெறிக் குழுவான கோப் 2023இல் எடுத்துரைத்த நிலைப்பாடு. விதி ஒருபுறம் இருக்க, இல்லாத நூலையும் இல்லாத காரிகையையும் இக்கருவிகள் உறுதியான குரலில் தந்துவிடும். அப்படி ஒரு மேற்கோள் மூலமறிந்த மதிப்பாய்வாளரின் கண்ணில் பட்டால் அத்தோடு முடிந்தது.

போலி இதழ்கள்

உங்கள் பெயரைக் குறிப்பிட்டு, உங்கள் ‘மதிப்புமிகு’ ஆய்வைப் பாராட்டி, ஒரே வாரத்தில் வெளியிடுவதாகச் சொல்லும் மின்னஞ்சல் வந்தால் அதை அழித்துவிடலாம். இதழ் நல்லதா என்பதைச் சோதிக்கச் சில வழிகள் உண்டு: பதிப்புக்குழுவில் உள்ள அறிஞர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் அப்பொறுப்பைக் குறிப்பிடுகிறார்களா, தத்துவமும் வேதியியலும் மேலாண்மையும் ஒரே இதழில் வருகின்றனவா, கட்டணம் எவ்வளவு என்பது சமர்ப்பிக்கும் முன்பே தெரிகிறதா. நூலகர் ஜெஃப்ரி பீல் தொகுத்துவந்த ஐயத்துக்குரிய பதிப்பகங்களின் பட்டியல் 2017இன் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. இணையத்தில் சுற்றும் அதன் நகல்களை முடிந்த தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். 2003இல் தொடங்கிய திறந்த அணுக்க இதழ்களின் அடைவும், ‘திங்க் செக் சப்மிட்’ என்ற சரிபார்ப்புப் பட்டியலும் அதைவிடப் பயனுள்ளவை. உண்மையான இதழின் பெயரையும் வரிசை எண்ணையும் திருடிக்கொண்டு போலித் தளம் நடத்துபவர்களும் உள்ளதால், தேடுபொறியில் முதலில் வரும் முகவரியை நம்பாமல், பதிப்பகத்தின் தளத்திலிருந்தோ நூலக அடைவிலிருந்தோ இதழை அடையுங்கள். கட்டணம் வாங்குவது மட்டுமே போலியின் அடையாளம் அன்று. ஆனால் தத்துவத்திலும் சமய ஆய்விலும் ஆசிரியரிடம் பணம் வாங்காத நல்ல இதழ்கள் நிறைய இருக்கும்போது, பணம் கொடுத்துத்தான் வெளியிட வேண்டும் என்ற நிலை அரிது.

முடிவு வந்த பிறகு

முடிவுக்கு மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை ஆவது இயல்பு, அதற்கு மேலும் ஆகலாம். இதழ் சொன்ன காலம் கடந்த பிறகு இரண்டு வரியில் பணிவாக விசாரிப்பதில் தவறில்லை. விரைந்து வரும் நிராகரிப்பு ஒருவகையில் நன்மையே. மாதங்களை அது மிச்சப்படுத்துகிறது. மதிப்பாய்வுக் குறிப்புகளோடு வரும் நிராகரிப்பை ஒரு வாரம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பிறகு படியுங்கள். அடுத்த இதழிலும் அதே மதிப்பாய்வாளரிடம் உங்கள் கட்டுரை போய்ச் சேர வாய்ப்புண்டு, ஏனெனில் ஒரு சிறிய துறையில் அந்த மூலநூலை அறிந்தவர்கள் மிகச் சிலரே. தாம் சுட்டிய பிழை திருத்தப்படாமல் மீண்டும் தம்மிடமே வருவதை அவர் மறக்க மாட்டார்.

‘திருத்தி மீண்டும் அனுப்புக’ என்ற முடிவு நல்ல செய்தி, ஆனால் ஏற்பு அன்று. அப்போது கட்டுரைக்கு நிகரான முக்கியத்துவம் மறுமொழிக் கடிதத்துக்கு உண்டு. ஒவ்வொரு குறிப்பையும் எடுத்தெழுதி, அதன் கீழே என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில் என்று சொல்லுங்கள். ஏற்காத குறிப்புக்குக் காரணம் தர வேண்டும். ‘மதிப்பாய்வாளர் தவறாகப் புரிந்துகொண்டார்’ என்பது காரணமாகாது. மேலே சொன்ன கட்டுரைக்கு முதல் மதிப்பாய்வாளர் ‘29ஆம் காரிகையின் நிலைப்பாடு என்பதைப் பிற்கால உரையாசிரியர்கள் எவ்வாறு கொண்டனர் என்பது விடுபட்டுள்ளது’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மறுமொழி இப்படி அமையும்: ‘இக்குறிப்புக்கு நன்றி. சந்திரகீர்த்தி இக்காரிகையை எடுத்தாளும் இடத்தைப் புதிய பத்தியாகச் சேர்த்துள்ளேன். அவர் வாசிப்பு என் முடிவுக்கு எதிராகத் தோன்றுவதால், அது ஏன் 22ஆம் காரிகையைப் பாதிக்கவில்லை என்பதையும் அங்கேயே விளக்கியுள்ளேன்.’ இருவரும் எதிரெதிராகக் கேட்கும்போது, உதாரணமாக ஒருவர் பாடவிளக்கத்தை விரிக்கச் சொல்லி மற்றவர் அதையே குறைக்கச் சொல்லும்போது, இருவரையும் பாதிப் பாதி திருப்திப்படுத்த முயல வேண்டாம். முரண்பாட்டைப் பதிப்பாசிரியருக்கு எழுதி, எந்த வழியை எடுக்க உள்ளீர்கள் என்று சொல்லி அவர் கருத்தைக் கேளுங்கள். பாடவிளக்கம் பின்னிணைப்புக்கோ நீண்ட அடிக்குறிப்புக்கோ போய்விடுவதே பல நேரங்களில் தீர்வாக அமைகிறது.

நூலும் கட்டுரைத் தொகுப்பும்

முனைவர் பட்ட ஆய்வேட்டை அப்படியே நூலாக்க முன்வரும் நிறுவனங்களைத் தவிர்க்கவும்; அவற்றில் மதிப்பாய்வு இல்லை, அங்கே வெளியானதைப் பிறகு நல்ல பதிப்பகம் எடுப்பதும் கடினம். ஆய்வேடு தேர்வாளருக்காக எழுதப்பட்டது. முன்னாய்வுகளின் நீண்ட மதிப்பீடு, ஒவ்வோர் இயலின் இறுதியிலும் வரும் தொகுப்புரை ஆகியவற்றை வெட்டி, ஒற்றை வாதமாகச் சுருக்க வேண்டும். முன்மொழிவில் நூலின் வாதம், இயல்களின் சுருக்கம், போட்டி நூல்கள், வாசகர் யார், எப்போது முடியும் என்பவை இருக்கும். மாதிரி இயலாக முன்னுரையைவிட நடுவில் உள்ள வலுவான இயல் ஒன்றை அனுப்புவது நல்லது. ஒப்பியலிலும் சமய ஆய்விலும் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகப் பதிப்பகமும் ஹவாய் பல்கலைக்கழகப் பதிப்பகமும் நீண்ட பட்டியல் உடையவை. லைடன் நகரில் 1683 முதல் இயங்கிவந்த ப்ரில் 2024இல் டி க்ரூய்ட்டருடன் இணைந்துவிட்டதால், பழைய தொடர் ஆசிரியர்களின் விவரத்தை இப்போதைய தளத்தில் சரிபார்க்க வேண்டும்.

கருத்தரங்குத் தொகுதிகளை இளையவர்கள் குறைத்து மதிப்பிடவும் கூடாது, அவற்றையே நம்பியிருக்கவும் கூடாது. ஜார்ஜ் மக்லீன் நிறுவிய, வாஷிங்டனில் இயங்கும் மதிப்பீடுகள்–தத்துவ ஆய்வுக் குழு பல நாட்டு அறிஞர்களின் கருத்தரங்குகளிலிருந்து நீண்ட நூல்தொடரை வெளியிட்டுள்ளது. பண்பாட்டிடை உரையாடலுக்கு அத்தகைய தொகுதிகள் தந்த இடத்தை முன்னணி இதழ்கள் தரவில்லை. ஆனால் பணிநியமனக் குழுக்கள் பெரும்பாலும் மதிப்பாய்வு பெற்ற இதழ்க் கட்டுரைக்கே அதிக மதிப்புத் தருகின்றன. உங்கள் முதன்மையான வாதத்தை இதழுக்கு ஒதுக்கி, அதன் பின்னணியையோ நீட்சியையோ தொகுதிக்குத் தாருங்கள்.

ஏற்பும் மெய்ப்பும்

ஏற்பு வந்ததும் கையெழுத்திடச் சொல்லும் உரிமப் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பதிப்புரிமையை முழுவதும் ஒப்படைத்தாலும், மதிப்பாய்வுக்குப் பின் ஏற்கப்பட்ட வடிவத்தைக் குறிப்பிட்ட காலம் கழித்துப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கப் பல பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. எந்த இதழ் என்ன அனுமதிக்கிறது என்பதை ‘ஷெர்பா ரோமியோ’ என்ற இணையதளம் தொகுத்து வைத்திருந்தது, இதழின் தளத்திலும் இருக்கும். மெய்ப்புப் படி வரும்போது பெரும்பாலும் சில நாள்களே அவகாசம் தருவார்கள். அப்போது வாக்கியங்களை அழகுபடுத்த முயலாமல், ஒலிபெயர்ப்புக் குறிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: நெடிலின் மேற்கோடும் எழுத்தின் கீழ்ப்புள்ளியும் அச்சுக்கோப்பில்தான் அதிகம் தொலைகின்றன, ஆசிரியரைத் தவிர வேறு யாரும் அதைக் கவனிக்கப் போவதில்லை. மூலமொழி மேற்கோள்களையும் காரிகை எண்களையும் மூலப்பதிப்பைத் திறந்துவைத்தே ஒப்பிடுங்கள்.

வெளியான பிறகு, ஏற்கப்பட்ட வடிவத்தைத் தத்துவக் கட்டுரைகளுக்கான ‘ஃபில்ஆர்க்கைவ்’ களஞ்சியத்திலோ உங்கள் நிறுவனக் களஞ்சியத்திலோ வைக்கலாம். பக்க எண்கள் இதழில் உள்ளவற்றோடு ஒத்துவராது என்பதால், அதன் முதல் பக்கத்தில் இதழின் பெயர், தொகுதி, ஆண்டு, இணைய அடையாள எண் ஆகியவற்றையும், மேற்கோள் காட்ட விரும்புவோர் இதழ் வடிவத்தையே சுட்ட வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்துவிடுங்கள்.